வின்ட்சர் எங்கள் பட்டியலில் இல்லை

1. பாம்பே மாதிரி, பாண்டிச்சேரி மாதிரி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கஸ்டமரிடம் நான் பேசிய முதல் வாக்கியமே பொய்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பெங்களூர் ரெசிடென்சி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். கனடாவில் குடியேற விரும்புகிறவர்களுக்கு ஃபாரம் நிரப்பி, சர்டிபிகேட் சரிபார்த்து, டெல்லியில் நடக்கும் இன்டர்வியூவுக்குத் தயார் செய்து அனுப்புவது தொழில். என்னை எடுத்தது டைப்பிஸ்டாக. முதலாளி சம்பத் சார் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். எதிரே காத்திருந்த ஒருவர் பொறுமை இழந்து என்னிடம் கேட்டார்: "மேடம், டொராண்டோ எப்படி இருக்கும்?"

நான் அதுவரை வேலூரைத் தாண்டியதில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டு வந்த சம்பத் சார் அதைக் கேட்டுவிட்டார். அவர் கோலார் தங்கவயல்காரர். பேச்சில் தேன் தடவுவார், கோபம் வந்தால் அதே வாயில் மிளகாய்ப்பொடி. "இன்னாம்மா சாந்தி, இவ்ளோ தைரியமா சொல்ற! நீ டைப் அடிச்சிக்கினு கெடக்க வேண்டிய ஆளே இல்ல" என்றார். ஒரு மாதத்தில் நான் கவுன்சலர் ஆகிவிட்டேன். டைப் அடிப்பதும் நானேதான் என்பது வேறு விஷயம்.

அவர் எனக்குக் கற்றுத் தந்த முதல் பாடம் இது: "மேப்பக் காட்டினா கஸ்டமருக்குத் தூக்கம் வந்துடும். பாம்பே மாதிரின்னு சொல்லு, டக்குனு புரியும்." அதன்படி டொராண்டோ பாம்பே. எந்நேரமும் மழை பெய்யும் வான்கூவர் மங்களூர். பிரெஞ்சு பேசும் மான்ட்ரியால் பாண்டிச்சேரி. ஒட்டாவா டெல்லி. குளிர் எப்படி என்று கேட்டால் எல்லா ஊருக்கும் ஒரே பதில்தான், ஊட்டி. அந்தக் குளிரை அனுபவித்தவர்கள் எங்களை எப்படியெல்லாம் திட்டியிருப்பார்கள் என்று இன்று நினைத்தாலும் காது கூசுகிறது.

பிறகு பட்டியல் வந்தது. ஒரு மழை நாள் மத்தியானம், கஸ்டமர் யாரும் இல்லை. சம்பத் சார் ஒரு சார்ட் பேப்பர் வாங்கிவரச் சொன்னார். கனடா ஊர்களை ரேங்க் போட்டு சுவரில் ஒட்டுவது திட்டம். ஆதாரம் என்ன? ஒரு பத்திரிகைத் துணுக்கு, போன கஸ்டமர்கள் அனுப்பிய வாழ்த்து அட்டைகள், சம்பத் சாரின் மச்சான் சொன்ன கதைகள், அவ்வளவுதான். டொராண்டோ ஒன்று, வான்கூவர் இரண்டு, சம்பத் சாரின் மச்சான் இருக்கும் ஊர் மூன்று. பிரெஞ்சு கற்க வேண்டும் என்பதால் மான்ட்ரியால் நான்குக்கு இறங்கியது. தலைநகரத்தை ஐந்துக்குக் கீழே போட்டால் மரியாதை இல்லை என்று ஒட்டாவா ஐந்தில் நின்றது. எட்மன்டனைப் பற்றி எங்கள் இருவருக்கும் ஒன்றுமே தெரியாது. ஆறாவது இடம் காலியாக இருந்தது, போட்டோம். கண்ணிமையில் பனி உறைந்துபோனது என்று ஒரு கஸ்டமர் எழுதியிருந்ததால் வின்னிபெக் ஏழாவது, கடைசி.

அந்தக் காகிதம் செய்த வேலை இருக்கிறதே, அதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. பெங்களூர்க்காரர்களுக்கு அப்போது இன்ஜினியரிங் சீட் கவுன்சலிங் என்பது ரத்தத்தில் ஊறிய சங்கதி. நல்ல மார்க் எடுத்தால் நல்ல காலேஜ், குறைந்தால் ஊருக்கு வெளியே ஏதோ ஒன்று. கனடா குடியேற்றத்திலும் படிப்புக்கு, வயதுக்கு, அனுபவத்துக்கு என்று மார்க் உண்டு. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். மார்க் அதிகம் வந்தால் டொராண்டோ, குறைந்தால் வின்னிபெக் என்று ஊரே நம்பியது. "எங்க பொண்ணு மார்க்குக்கு வான்கூவர் சீட்டு வருமா மேடம்?" என்று ஒரு அப்பா கேட்டார். இன்னொருவர் "டொராண்டோ கெடச்சிடுச்சு" என்று மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தார். வின்னிபெக் போகிறேன் என்று உண்மையைச் சொன்ன ஒரு பாவப்பட்ட பையனுக்கு, பெண் வீட்டார் நிச்சயதார்த்தத்தைத் தள்ளிப் போட்டார்கள்.

விசா வந்தால் எந்த ஊரில் வேண்டுமானாலும் போய் இறங்கலாம், ஊரை யாரும் அலாட் செய்வதில்லை என்று முதலில் இரண்டு மூன்று பேருக்கு விளக்கினேன். அவர்கள் முகம் வாடியது. முதல் ரேங்க் வாங்கின சந்தோஷத்தை நான் பிடுங்கிக்கொண்ட மாதிரி பார்த்தார்கள். அதற்கப்புறம் விட்டுவிட்டேன். 'குடியேற உத்தேசித்திருக்கும் ஊர்' என்று ஃபாரத்தில் ஒரு கட்டம் உண்டு. யார் வந்தாலும் அதில் டொராண்டோ என்று அடித்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது மர்பி டவுன், ஏழைகள் பேட்டை. ஆனால் ஆபீஸில் யார் கேட்டாலும் பக்கத்திலிருக்கும் அல்சூர் என்றுதான் சொல்வேன். மர்பி டவுன் என்றதும் எதிராளி குரலில் ஒரு சுருதி இறங்கும். எங்கள் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அப்படிப்பட்ட நான்தான் கனடா ஊர்களுக்கு ரேங்க் போட்டேன்.

2. "நீங்க பாத்துச் சொன்னா சரிதான்"

எபனேசர் லிங்கராஜபுரத்திலிருந்து மனைவி குளோரியோடு வந்தார். வயது நாற்பத்து மூன்று. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு டூல் ரூமில் டூல் அண்ட் டை மேக்கர். பிளாஸ்டிக் பக்கெட்டிலிருந்து கார் பம்பர் வரை எதை வார்க்க வேண்டுமானாலும் இரும்பில் அச்சு வேண்டும், அதற்கு மோல்டு என்று பெயர். அதைச் செதுக்குகிறவர். சட்டை இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது. நகக்கண்ணில் மட்டும் சோப்புக்கு அசையாத ஆயில் கறுப்பு.

குளோரி நர்சரி ஸ்கூல் டீச்சர். அவர்தான் பேசினார். கம்பெனியை ஓசூர்ப் பக்கம் மாற்றப்போகிறார்களாம், டூல் ரூமை மூடிவிடுவார்களாம், இருபது வருஷ சர்வீஸ் ஆளுக்கு இனி இங்கே யார் வேலை தருவார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னார். கேட்ட கேள்விக்கு மட்டும் எபனேசர் பதில் சொன்னார். ஃபாரத்தில் ஊர் கட்டம் வந்ததும் தானாக வாய் திறந்தார்.

"அந்த எடத்துல வின்ட்சர்னு போடுங்க மேடம்."

"வின்ட்சர் இங்கிலாந்துல இல்ல இருக்கு?"

"கனடாவுலயும் ஒண்ணு இருக்குது மேடம். ஆத்துக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா, கார் பண்ற ஊரு. வின்ட்சர் நம்ம பீன்யா மாதிரி."

நான் சிரித்துவிட்டேன். பீன்யா என்றால் ஷெட்டும் லாரியும் புகையும். கனடாவுக்குப் போவதே பீன்யாவிலிருந்து தப்பிக்கத்தானே!

"பாத்தீங்களா மேடம், இந்த மனுஷனுக்கு உலகமே பீன்யாதான்" என்றார் குளோரி. "எங்க அக்கா டொராண்டோல இருக்காங்க. இவரு வின்ட்சரு கின்ட்சருன்னு போய் உக்காந்தா, சர்ச்சுல நாலு பேரு கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

"வின்ட்சர் எங்க லிஸ்ட்லயே இல்லீங்க" என்று சுவரைக் காட்டினேன். எபனேசர் திரும்பி அந்த ஏழு பெயர்களையும் நிதானமாகப் படித்தார். "சரி மேடம். நீங்க பாத்துச் சொன்னா சரிதான்" என்று கையெழுத்துப் போட்டார். டொராண்டோ என்று அடித்து, கவரில் போட்டு, அடுத்த கஸ்டமரைக் கூப்பிட்டேன்.

3. நாலாவது ஆள்

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எபனேசருக்கு இன்டர்வியூ லெட்டர் வந்த அதே வாரம், எங்கள் கஸ்டமர் ஒருவர், அக்கவுன்டன்ட், டெல்லியிலிருந்து வெறுங்கையோடு திரும்பினார். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"மேடம், ஏன் டொராண்டோன்னு கேட்டாங்க. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே, டொராண்டோ இஸ் தி நம்பர் ஒன் சிட்டின்னு சொன்னேன். அந்த ஆபீசரம்மா பேனாவ கீழ வெச்சிட்டாங்க. இந்த வாக்கியத்த இப்படியே எங்கிட்ட சொல்ற நாலாவது ஆளு நீன்னாங்க. நாலு பேரும் பெங்களூராம்."

இன்டர்வியூவில் ஆளின் தகுதியைப் பார்த்து ஆபீசர் தன் கையால் போடும் மார்க் ஒன்று உண்டு. கிளிப்பிள்ளைக்கு யார் மார்க் போடுவார்கள்? அந்த அக்கவுன்டன்டிடம் அன்று நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. "மறுபடி ட்ரை பண்ணலாம் சார்" என்று மழுப்பினேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

மறுநாள் எபனேசரும் குளோரியும் வந்தார்கள். இன்டர்வியூவுக்கு முன்னால் ஆபீசர் மாதிரி நான் உட்கார்ந்து கேள்வி கேட்பது எங்கள் வழக்கம். எபனேசர் இளைத்திருந்தார். டூல் ரூமை மூடிவிட்டார்கள். யார் ஷெட்டிலோ அன்றாடக் கூலிக்கு டிரில்லிங் போட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை தள்ளிவிட்டால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். நாற்பத்தைந்து தொட்டால் வயதுக்கான மார்க் இறங்கிவிடும், அதோடு கதவு சாத்தின மாதிரிதான். மூவருக்கும் அது தெரியும்.

"ஒய் டொராண்டோ?" என்றேன்.

எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "டொராண்டோ இஸ் தி நம்பர் ஒன் சிட்டி சார்" என்றார். வேர்த்துக் கொட்டியது.

ஐந்தாவது ஆள், என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். "உக்காருங்க அண்ணே" என்றேன். மேடம், சார் எல்லாம் அந்த நிமிஷத்தில் மறந்துபோயிற்று. "அன்னைக்கு வின்ட்சர்னு சொன்னீங்களே. அந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முகம் அப்படியே மாறியது. "எங்க கம்பெனிக்கு ஒரு மோல்டு வந்துச்சு மேடம், இம்போர்ட்டட். ரிப்பேருக்குத் தொறக்கணும்னாங்க. ஓரத்துல சின்ன பிளேட்டு, வின்ட்சர், ஒன்டாரியோன்னு. தொறந்து பாத்தா..." நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "உள்ள பாலிஷ் கண்ணாடி மேடம். என் மூஞ்சி தெரியுது. ரெண்டு பாதியும் மூடினா நடுவுல ஒரு முடி நுழைய எடம் இல்ல. கூலிங்குக்கு ஓட்ட போட்டிருக்கான் பாருங்க, நான் இருபது வருஷத்துல அப்படி ஒரு புத்திய பாத்ததில்ல. இதப் பண்ணவன் எங்க இருக்கானோ அங்க போயி அவங்கிட்ட ஒரு நாளாச்சும் வேல செய்யணும்னு அன்னைக்கே நெனச்சேன்."

அப்புறம் கால் மணி நேரம் நிறுத்தவில்லை. பழைய டிரேட் பத்திரிகைகளில் தேடிப்பிடித்து வைத்திருந்தார். அங்கே மோல்டு ஷாப் எத்தனை வகை, எந்த ஸ்டீல், எந்த மெஷின் எல்லாம் ஒரு நோட்டில் இருந்தது. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ், எனக்கு முக்கால்வாசி புரியவில்லை. ஆனால் அந்த ஆபீசர் எதைக் கேட்க உட்கார்ந்திருக்கிறாரோ அது இதுதான் என்று எனக்கே புரிந்தது. குளோரி கணவரை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இதெல்லாம் எங்கிட்ட சொன்னதே இல்லயே?"

"நீ கேக்கலியே குளோரி."

ஃபாரத்தில் மட்டும் டொராண்டோ என்று இருந்தது. அடித்தவள் நான்.

4. வெள்ளைத்தாள்

சம்பத் சாரிடம் போனேன். ஊரைத் தவறாக அடித்தது எங்கள் ஆபீஸ்தான், அவர் கேட்டது வின்ட்சர் என்று ஒரு கடிதம் கொடுத்தனுப்பலாம் என்றேன்.

"உனக்கு இன்னா பேஜாரு? பைல்ல கை வெக்காதம்மா. ஒண்ணத் தொட்டா ஆபீசரு எல்லாத்தையும் நோண்டுவாங்க."

"அவரு டொராண்டோன்னு சொன்னா நிச்சயம் அவுட்டு சார். ஃபாரத்துல ஒண்ணு, வாயில ஒண்ணுன்னு வின்ட்சர் சொன்னாலும் சந்தேகம் வரும். லெட்டர் இருந்தா ஒரு வழி இருக்கு."

"நம்ம தப்புன்னு நாமளே லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுத்தா நாளைக்கு எவன் நம்ம படி ஏறுவான்? சொல்ப யோசன பண்ணும்மா."

"லெட்டர்ஹெட் வேணாம் சார். வெள்ளைத்தாள்ல என் பேர்ல எழுதித் தரேன்."

மிளகாய்ப்பொடி வாய் திறந்தது. "எழுதிக்கோ. எழுதிட்டு நாளைக்கு இங்க வரணுமா வேணாமான்னும் முடிவு பண்ணிக்கோ."

பயம் இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். வீட்டில் அப்பாவுக்கு வேலை போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது, என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஆனால் காது முழுக்க 'நீங்க பாத்துச் சொன்னா சரிதான்' என்ற அந்தக் குரல். நான் எதைப் பார்த்துச் சொன்னேன்? மழை நாளில் வேலையில்லாமல் எழுதின ஒரு காகிதத்தைப் பார்த்துச் சொன்னேன்.

டைப்ரைட்டரில் வெள்ளைத்தாளைச் செருகினேன். விண்ணப்பதாரர் வின்ட்சர் என்று சொன்னார், வழக்கமாக எல்லோருக்கும் அடிக்கிற மாதிரி டொராண்டோ என்று அடித்தது நான், தவறு முழுக்க என்னுடையது என்று நாலு வரி. சொந்தக் கடிதம் என்பதால் மேலே என் விலாசம் வர வேண்டும். விரல் பழக்கத்தில் அல்சூர் என்று தொடங்கியது. தாளை உருவிக் கசக்கிப் போட்டேன். இன்னொரு தாள் எடுத்து மர்பி டவுன் என்று முழுசாக அடித்தேன். உண்மை எழுதுகிற கடிதத்தில் முதல் வரியே பொய்யாக இருந்தால் எப்படி?

எபனேசர் கடிதத்தைப் படித்துவிட்டு, "நீங்க மர்பி டவுனா மேடம்? நம்ம பக்கம்தான்!" என்று சந்தோஷப்பட்டார். சுருதியெல்லாம் ஒன்றும் இறங்கவில்லை.

மறுநாள் வழக்கம்போல ஒன்பதரைக்கு ஆபீஸ் போனேன். வெளியே போ என்று சம்பத் சார் சொல்லவில்லை. பத்து நாள் என் முகத்தையும் பார்க்கவில்லை.

5. கோடு

எபனேசர் டெல்லியிலிருந்து வந்து ரயில் அழுக்கோடு நேராக ஆபீஸ் படியேறினார். சம்பத் சார் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தார், காது மட்டும் இந்தப் பக்கம்.

"இன்னா ஆச்சுண்ணே?"

"அதே அம்மாதான் மேடம். ஒங்க லெட்டர ரெண்டு வாட்டி படிச்சாங்க. பெங்களூர்லருந்து வந்து டொராண்டோ சொல்லாத மொத ஆளு நீதான்னு சிரிச்சாங்க. வின்ட்சர்ல இன்னா இருக்குன்னு கேட்டாங்க. எனக்கு இங்கிலீஷ் ஓடல. அவங்க டேபிள்ல பேனா மூடி ஒண்ணு கெடந்துச்சு, எடுத்துக்கலாமான்னு கேட்டேன். ஓரத்துல ஒரு மெல்லிசு கோடு ஓடும் பாருங்க, அதக் காட்டினேன். மோல்டு ரெண்டா பிரியற எடம் மேடம் இது, மோல்டு நல்லா இருந்தா இந்தக் கோடு கைக்குத் தெரியாதுன்னு சொன்னேன். அவங்க நகத்தால தடவிப் பாத்தாங்க. அப்புறம் போனைத் தடவினாங்க, ஸ்டேப்ளரைத் தடவினாங்க. எல்லாத்துலயும் கோடு! இவ்ளோ நாளா இதப் பாக்கவே இல்லியேன்னாங்க. அதுலருந்து பேச்சு தானா வந்துடுச்சு மேடம்."

சம்பத் சார் பேப்பரைக் கீழே வைத்தார். அவர் கையில் சட்டைப்பை பேனா. மூடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

சில வாரங்களில் மெடிக்கல் எடுக்கச் சொல்லி எபனேசருக்குக் கடிதம் வந்தது. எங்கள் தொழிலில் அந்தக் கடிதம் வந்தால் முக்கால் கிணறு தாண்டியாயிற்று என்று அர்த்தம். குளோரி ஆபீஸிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். சம்பத் சாருக்கு மனசு கேட்கவில்லை, வியாபார மூளையும் விடவில்லை. "சாந்தி, வின்ட்சரையும் லிஸ்ட்ல சேத்துடு. எட்டாவதா போடு" என்றார்.

"எட்டாவதா? எபனேசர் அண்ணனுக்கு அது ஒண்ணாவது சார்."

"அப்ப மேல போடு."

"மேல போட்டா அடுத்து வர்ற நர்சும் அக்கவுன்டன்டும் வின்ட்சர்னு மனப்பாடம் பண்ணிக்கினு போவாங்க."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு தானே ஸ்டூல் போட்டு ஏறி அந்தச் சார்ட்டைக் கழற்றினார். அன்றிலிருந்து புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் அவர்கள் வேலையைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டேன். ஊரைப் பற்றி அதற்கப்புறம்தான் பேச்சு. மீன் பதப்படுத்தத் தெரிந்தவருக்கு ஹாலிஃபாக்ஸ், எண்ணெய்க் கம்பெனி வெல்டருக்கு நாங்கள் ஒப்புக்கு ஆறாவதாகப் போட்டிருந்த அதே எட்மன்டன் என்று நானும் அப்போதுதான் கனடாவைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். பழைய அக்கவுன்டன்டைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டு, அவர் ஃபைலைப் புதிதாகத் தொடங்கினேன். இரண்டாம் தடவை அவருக்குக் கிடைத்தது.

எபனேசர் குடும்பம் போய் ஏழெட்டு மாதம் இருக்கும். ஆபீஸுக்கு ஒரு ஐ.எஸ்.டி. கால், குளோரி.

"மேடம், இங்க ஒரு நல்ல துணிக்கட கெடையாது. எட்டு மணிக்கு ரோட்டுல ஆள் நடமாட்டமே இல்ல. எங்க அக்கா வந்து பாத்துட்டு, இன்னாடி இது ஊரான்னு கேக்குறா. ஒங்க ஊட்டி குளிரு வேற, நல்லா வந்து மாட்டிக்கினேன்!"

"சாரிக்கா..." என்று இழுத்தேன்.

"இருங்க, முடிக்கல. இவருக்கு மோல்டு ஷாப்லயே வேல. காலைல ஆறு மணிக்கு டிபன் பாக்ஸ எடுத்துக்கினு ஓடுறாரு. சாயந்தரம் வந்து அன்னைக்கு இன்னா பண்ணாருன்னு சாப்பிட்டுக்கினே சொல்றாரு. சிரிக்கிறாரு மேடம். லிங்கராஜபுரத்துல கடைசி ரெண்டு வருஷம் இந்த மனுஷன் சிரிச்சு நான் பாக்கல. அதச் சொல்லத்தான் போன் பண்ணேன்."

போனை வைத்துவிட்டு அழுதேன். சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இப்போது உங்களுக்கு இன்டர்நெட்டில் வருஷா வருஷம் ரேங்க் பட்டியல் வருகிறது. எங்களுடையதைப்போல மழை நாளில் எழுதினது இல்லை, உழைத்துத்தான் போடுகிறார்கள். படியுங்கள். ஆனால் அதைப் போட்டவர்களுக்கு உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளைத் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அன்று நான் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த கஸ்டமர் வந்து உட்கார்ந்துவிட்டார். விவேக் நகர்க்காரர், ஓட்டல் சமையல்காரர், கையில் சர்டிபிகேட் கவர். உட்கார்ந்ததும் கேட்டார்: "மேடம், கனடாவுல நல்ல ஊரு எது?"

"யாருக்கு?" என்றேன்.